உதவி மாணவரைத் தேடி வர வேண்டும்

அமெரிக்க அரசின் செலவுகளை அந்நாட்டு நாடாளுமன்றத்துக்காக ஆராயும் தணிக்கை அமைப்பு, கல்லூரி மாணவர்களின் பசியைப் பற்றி 2018 இறுதியில் ஓர் அறிக்கை தயாரித்தது. அரசின் உணவு உதவிக்குத் தகுதி பெற்றிருக்கக்கூடிய ஏழை மாணவர்களில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் 2016-ல் அந்த உதவியைப் பெறவில்லை என்று அது மதிப்பிட்டது. திட்டத்துக்குச் சட்டம் இருந்தது, நிதி இருந்தது, விண்ணப்பம் வாங்க அலுவலகங்களும் இருந்தன. ஆனால், தணிக்கையாளர்கள் விசாரித்த 14 கல்லூரிகளில் ஒன்பதில், யாருக்கு இந்த உதவி உண்டு என்ற விதி மாணவர்களுக்கோ அலுவலர்களுக்கோ சரிவரத் தெரிந்திருக்கவில்லை.

உலகின் பெரும் பணக்கார நாடு ஒன்றில், பசித்த வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கும் அவருக்கென ஒதுக்கப்பட்ட உணவுக்கும் நடுவே நின்றது ஒரு தகவல்தான். ஏழைப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும் எந்த அரசும், எந்தக் கல்லூரியும் முதலில் யோசிக்க வேண்டிய விஷயம் இது. திட்டத்தை அறிவித்ததும் வேலை முடிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். அது மாணவரின் கைக்குப் போய்ச் சேரும் கடைசி நூறடிப் பாதையை யாரும் தன் பொறுப்பாக ஏற்பதில்லை. அந்தப் பாதையை ஏற்றெடுத்த சில கல்லூரிகளின் அனுபவம், தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகளுக்கும் நேரடியாகப் பயன்படக்கூடியது.

வாசலை அகலத் திறந்த கல்லூரி

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்றால் இரண்டாண்டுப் படிப்புத் தரும் அரசுக் கல்லூரி. அதற்குத் தொடக்கம் 1901. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரப் பள்ளிக் கண்காணிப்பாளர் ஜே.ஸ்டான்லி பிரவுனும் சேர்ந்து, மேல்நிலைப் பள்ளியை முடித்த ஆறு மாணவர்களோடு ஒரு கல்லூரியை ஆரம்பித்தார்கள். வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போக வசதியில்லாத பிள்ளைகள் சொந்த ஊரிலேயே முதல் இரண்டு ஆண்டுகளைப் படித்துவிட வேண்டும் என்பது நோக்கம். 1947-ல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, இப்படிப்பட்ட கல்லூரிகள் நாடெங்கும் வர வேண்டும் என்று பரிந்துரைத்தது. ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயரும் அந்த அறிக்கையால்தான் பரவலானது. இன்று அங்கே இவை ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

இவற்றின் பெருமை, யாரையும் திருப்பி அனுப்பாததுதான். மதிப்பெண் வேலி கிடையாது. பள்ளியை இடையில் விட்டு, பிறகு அதற்கு ஈடான தேர்வெழுதித் தேறியவர் வரலாம். நாற்பது வயதில் வேலை போனவர் வரலாம். புலம்பெயர்ந்து வந்து ஆங்கிலம் கற்கத் தொடங்கியிருப்பவரும் வரலாம். மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பகுதி நேரமாகப் படிப்பவர்கள். சராசரி வயது இருபதுகளின் பிற்பகுதி. பகலில் கடையிலோ கிடங்கிலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் வகுப்புக்கு ஓடி வருபவர்களும், குழந்தையை யாரிடம் விடுவது என்ற கவலையோடு வரும் தாய்மார்களும் ஏராளம்.

ஆனால், திறந்த வாசல் வழியே உள்ளே வந்தவர்களில் பலர் அதே வாசல் வழியே வெளியேறியும் போனார்கள். இரண்டாண்டுப் படிப்பை ஆறு ஆண்டுகள் கழித்தும் முடித்திருப்பவர்கள் பாதிக்கும் குறைவு. இதற்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம் ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு அடிப்படைப் பாடம் போதவில்லை, அக்கறை போதவில்லை. காரணம் மாணவரிடமே இருக்கிறது என்று சொல்லிவிட்டால் நிர்வாகம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அதனாலேயே அந்த விளக்கம் அவ்வளவு காலம் நீடித்தது.

மாணவர்களிடமே கேட்ட கல்லூரி

டெக்சஸ் மாநிலத்தின் வடமுனையில், மாட்டுப் பண்ணைகளும் இறைச்சித் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதியில் இருக்கிறது அமரில்லோ கல்லூரி. அதன் தலைவராக 2014-ல் பொறுப்பேற்ற ரசல் லோரி-ஹார்ட், படிப்புக்கு இடையூறாக இருப்பவை எவை என்ற கேள்வியின் விடையை மாணவர்களிடமிருந்தே பெற்றார். பாடம் கடினம், கணக்கு வரவில்லை, ஆசிரியர் சரியில்லை என்ற பதில்கள் முன்னணியில் வரும் என்றுதான் எந்தக் கல்லூரியும் எதிர்பார்த்திருக்கும். அவர்கள் சொன்ன முதல் பத்துத் தடைகளில் ஒன்றுகூட வகுப்பறைக்குள் இருக்கவில்லை. சாப்பாடு, வீட்டு வாடகை, குழந்தைப் பராமரிப்பு, போக்குவரத்து, மருத்துவம், மனச்சோர்வு என்று எல்லாமே வெளியே இருந்தன.

விடை தெரிந்த பிறகு கல்லூரி அதற்கேற்ப மாறியது. 2016-ல் வளாகத்துக்குள்ளேயே ஓர் உதவி மையம் திறக்கப்பட்டது. சமூகப்பணி படித்தவர்கள் முழுநேர ஊழியர்களாக அமர்த்தப்பட்டார்கள். மளிகைப் பொருள்களை இலவசமாக எடுத்துச் செல்ல ஓர் அறை, நேர்காணலுக்கு உடுத்திப் போகத் துணிமணி, மின்கட்டணம் கட்டவோ பழுதான காரைச் சரிசெய்யவோ அவசரத்துக்குச் சிறுதொகை ஆகியவை அங்கே கிடைத்தன. ஊரிலிருந்த தொண்டு அமைப்புகளோடு கல்லூரி கைகோத்தது. தன்னால் தர முடியாததை யாரால் தர முடியுமோ அவரிடம் மாணவரை அனுப்பிவைத்தது.

இங்கேதான் முக்கியமான பாடம் இருக்கிறது. மையம் திறந்த பிறகும், அதிகம் தேவைப்பட்டவர்கள் தாங்களாக அங்கே வந்துவிடவில்லை. தெரியாதவர்கள் சிலர்; தெரிந்தும் கூச்சப்பட்டவர்கள் சிலர்; ‘என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களுக்குப் போகட்டும்’ என்று ஒதுங்கியவர்கள் சிலர். ஆகவே, பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோப் ஆய்வு மையத்துடன் சேர்ந்து ஒரு சோதனை நடத்தப்பட்டது. வருமானம் குறைந்த மாணவர்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, மையம் இருக்கிறது, உங்களுக்காகத்தான் இருக்கிறது, வாருங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சேதி கிடைத்தவர்கள் மையத்துக்குக் கூடுதலாக வந்தார்கள். அடிப்படைப் பாடங்களில் தேறியவர்களும் அவர்களிடையே கூடினார்கள். கட்டடமும் ஊழியர்களும் பொருள்களும் இரு தரப்பினருக்கும் ஒன்றுதான். ஒரு தரப்பினருக்குப் பெயர் சொல்லிச் சேதி போயிற்று, மற்றவர்களுக்குப் போகவில்லை.

2023-ல் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் மிக உயர்ந்த விருதான ஆஸ்பென் பரிசை, கலிபோர்னியாவின் இம்பீரியல் வேலி கல்லூரியோடு அமரில்லோ பகிர்ந்துகொண்டது. ஏழை மாணவர்கள் மிகுந்த, பெருநகரங்களிலிருந்து தள்ளியிருக்கும் இரண்டு கல்லூரிகள் நாட்டிலேயே முன்னணிக்கு வந்தது தற்செயலாக நடந்ததல்ல.

பயண அட்டை கூட்டி வந்த மாணவர்கள்

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் 2007-ல் ‘அசாப்’ என்ற திட்டம் தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்த மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும். பதிலுக்கு, மற்ற உதவித்தொகைகள் போக மீதமுள்ள கட்டணத்தைக் கல்லூரி ஏற்கும், பாடநூல்கள் இலவசம், நகரப் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் செல்ல மாதாந்திரப் பயண அட்டை இலவசம். கூடவே, ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசகர். மற்ற மாணவர்களுக்கு 600 பேர் முதல் 1,500 பேர் வரை ஓர் ஆலோசகர்தான் இருந்தார். இந்தத் திட்டத்தில் 60 முதல் 80 பேருக்கு ஒருவர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பயண அட்டையைக் கொடுத்த முறை. ஆலோசகரைச் சந்தித்து, திட்டத்தில் ஒழுங்காகப் பங்கேற்கும் மாணவருக்குத்தான் அந்த மாதத்து அட்டை கிடைக்கும். கல்லூரிக்கு வந்துபோக அட்டை அவசியம் என்பதால் மாணவர் ஆலோசகரிடம் வந்தே தீருவார். வந்தவரிடம் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்க அங்கே ஒருவர் இருப்பார். எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார், வேலை நேரம் மாறிவிட்டதா, வீட்டில் யாருக்கேனும் உடம்பு சரியில்லையா என்பதெல்லாம் அந்தச் சந்திப்பில் வெளிவரும். பிரச்சினை முற்றி, மாணவர் வருவதை நிறுத்திய பிறகு விசாரிப்பதற்கும், முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் இத்திட்டத்தைக் குலுக்கல் முறையில் சோதித்தது. மூன்று ஆண்டுகளில் பட்டம் முடித்தவர்கள் சாதாரண மாணவர்களில் 22 சதவீதம். திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம். உயர்கல்வியில் ஒரு சோதனை இவ்வளவு பெரிய மாற்றத்தைக் காட்டுவது அரிது. நியூயார்க்குக்கு மட்டும்தான் இது பொருந்துமோ என்ற சந்தேகமும் நீடிக்கவில்லை. ஓகியோ மாநிலத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் இதே முறையைப் பின்பற்றியபோது அங்கும் பட்டம் முடித்தவர்களின் விகிதம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது.

செலவு? தலைக்கு ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல்தான். ஆனால், அந்தப் பணத்தில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று வகுத்துப் பார்த்தால், ஒரு பட்டதாரிக்கு ஆன செலவு பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு மாணவருக்கும் அரசு செய்த செலவில் பெரும்பகுதி பலன் காணாமல் போகிறது. அந்த இழப்பு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் தனித் தலைப்பாக எழுதப்படுவதில்லை; எழுதப்பட்டிருந்தால், உதவி மையத்துக்கு ஆகும் தொகையைப் பார்த்து எந்த நிதித் துறையும் தயங்காது.

சட்டம் போட்ட மாநிலங்கள்

நல்ல தலைவர் ஒருவர் கிடைத்த கல்லூரியில் மட்டும் உதவி மையம், மற்ற கல்லூரிகளில் அறிவிப்புப் பலகை என்ற நிலை நியாயமற்றது. 2021-ல் ஓரிகன் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அரசின் உதவித் திட்டங்களை மாணவருக்கு விளக்கி, விண்ணப்பிக்க உடனிருந்து வழிகாட்டும் ஊழியர் ஒருவரை ஒவ்வொரு அரசுக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் நியமிக்க வேண்டும் என்றது அது. அதே ஆண்டு கலிபோர்னியா, தன் சமுதாயக் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் அடிப்படைத் தேவை மையமும் அதற்கு ஓர் ஒருங்கிணைப்பாளரும் இருக்க வேண்டும் என்பதைச் சட்டமாக்கியது. உணவு, தங்குமிடம், மனநலம் பற்றிய எல்லாத் தகவலும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்த மாநிலத்தில் பிரச்சினை எவ்வளவு ஆழமானது என்பதற்கு லாங் பீச் நகரக் கல்லூரி ஒன்றே போதும். வாடகை கொடுக்க முடியாமல் காரிலேயே தூங்கும் மாணவர்களுக்காக, இரவில் பாதுகாப்பாக வண்டியை நிறுத்திக்கொள்ள 2021-ல் தன் வாகன நிறுத்துமிடத்தையே அது திறந்துவிட்டது. காவலும் கழிப்பறையும் இணைய வசதியும் உண்டு. வீடில்லாத மாணவருக்கு வீடுதான் தீர்வு என்பதில் சந்தேகமில்லை. ஆனால், அந்தத் தீர்வு வரும்வரை இருபது வயதுப் பெண் ஒருத்தி தெருவோரத்தில் பயந்துகொண்டே விடியலுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று முடிவெடுத்ததே ஒரு கல்லூரியின் மனசாட்சி.

சேதி சேர்ப்பதில் மாணவர் பத்திரிகைகளுக்கும் பங்கிருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியின் அங்கீகாரத்தையே பறிக்க அங்கீகாரக் குழு 2013-ல் முடிவெடுத்தது. 2017-ல் அங்கீகாரம் மீண்டும் உறுதியாகும்வரை கல்லூரி திறந்திருக்குமா என்பதே தெரியாமல் மாணவர்கள் தவித்தார்கள். 1935 முதல் அங்கே வெளிவரும் ‘தி கார்ட்ஸ்மேன்’ போன்ற மாணவர் இதழ்களின் அருமை இப்படிப்பட்ட நேரங்களில்தான் புரியும். வளாகத்தின் செய்தி என்பது விழா நிகழ்ச்சிகளும் விளையாட்டுப் பரிசுகளும் மட்டுமல்ல. கட்டணம் எப்போது கட்ட வேண்டும், உதவி மையம் எத்தனை மணிக்குத் திறக்கும், விடுதியில் ஏன் தண்ணீர் வரவில்லை, எந்த உதவித்தொகை ஏன் தாமதமாகிறது என்பவைதான் மாணவருடைய வாழ்க்கையின் செய்திகள். அவற்றை மாணவர் நடையில் மாணவரே எழுதும்போது நான்கு பேர் கூடுதலாகப் படிப்பார்கள், பத்துப் பேர் கூச்சத்தை விடுவார்கள்.

இங்கே வந்ததும் வராததும்

சமுதாயக் கல்லூரி என்ற யோசனைக்கும் நமக்கும் முப்பதாண்டு உறவு உண்டு. இந்தியாவில் இதை முதலில் செய்து பார்த்தது புதுவைப் பல்கலைக்கழகம், 1995-ல். அடுத்த ஆண்டே சென்னை-மயிலைப் பேராயம் சென்னையில் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. சேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ், சென்னையை மையமாகக் கொண்டு இந்த இயக்கத்தைப் பல மாநிலங்களுக்கும் கொண்டுபோனார். பள்ளியை இடையில் விட்டவர்களையும் வேலை கிடைக்காத இளைஞர்களையும் மனதில் வைத்து வாழ்க்கைத் திறன், தொழில் திறன், வேலையிடப் பயிற்சி என்று பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கென ஒரு திட்டம் கொண்டுவந்தது.

திறந்த வாசலும் தொழில் படிப்பும் நம்மிடம் வந்து சேர்ந்தன. உள்ளே வந்தவர் பாதியில் போய்விடாமல் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு அதே உறுதியோடு வரவில்லை. இந்தக் குறை சமுதாயக் கல்லூரி என்று பெயர்ப்பலகை மாட்டிய இடங்களோடு முடிவதில்லை. தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி செய்ய வேண்டிய வேலையை உண்மையில் செய்பவை நம் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும்தான். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளை அங்கேதான் வருகிறது. முதல் பஸ்ஸைப் பிடிக்கக் காலையில் சாப்பிடாமல் கிளம்பி வருகிறது. மதியம் இரண்டாவது ஷிப்டில் படித்துக்கொண்டு, காலையில் ஜவுளிக்கடையிலோ மெக்கானிக் கடையிலோ வேலை பார்க்கிறது.

இந்தப் பிள்ளைகளுக்காகத் தமிழ்நாடு நிறையச் செய்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளின் உதவித்தொகைகளும் விடுதிகளும் இருக்கின்றன. முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. பஸ் பாஸ் இருக்கிறது. மன நெருக்கடிக்கு 14416 என்ற இலவசத் தொலைபேசி ஆலோசனை இருக்கிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 47 சதவீதம்; நாட்டின் சராசரியோ 28-ஐ ஒட்டித்தான். இந்தப் பெருமை நம் அரசுகளும் பெற்றோரும் பாடுபட்டுச் சேர்த்தது.

ஆனால், இந்த உதவிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையில் இருக்கின்றன. ஒன்றுக்குச் சாதிச் சான்று, ஒன்றுக்கு வருமானச் சான்று, ஒன்றுக்கு முதல் பட்டதாரிச் சான்று, ஒன்றுக்கு யூமிஸ் என்னும் கல்லூரி மாணவர் பதிவின் எண், எல்லாவற்றுக்கும் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு. சான்றுக்காக இ-சேவை மையம், அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர். வங்கிக் கணக்கில் பெயரின் முன்னெழுத்து மாறியிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. கடைசித் தேதியோ வாட்ஸ்அப் குழுவில் நூறு செய்திகளுக்கு நடுவே ஒரு பிடிஎப் கோப்பாக வந்து போயிருக்கும். அப்பா கட்டட வேலைக்குப் போகும் வீட்டில், இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் ஏது? படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த வேலையை அப்பாவோ அண்ணனோ சித்தப்பாவோ செய்துவிடுகிறார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்தச் சித்தப்பாவாகக் கல்லூரிதான் நிற்க வேண்டும்.

கேட்காமலே பரிமாறிய மரபு

விண்ணப்பம் இல்லாமல் உதவி செய்வது எப்படி என்று நமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து கற்பிக்க வேண்டியதில்லை. 1920-ல் தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. 1956-ல் காமராசர் அதை மாநிலம் தழுவியதாக ஆக்கினார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. இந்தத் திட்டங்கள் வென்றதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. பிள்ளை மனுப் போட வேண்டியதில்லை. தன் வறுமையை யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. மணியடித்தால் சோறு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அதே சோறு என்பதால் அங்கே கூச்சத்துக்கும் இடமில்லை.

அந்தப் பிள்ளை பள்ளியைத் தாண்டிக் கல்லூரிக்கு வந்ததும் தட்டு நின்றுபோகிறது. பதினெட்டு வயதில் பசி குறைந்துவிடுவதில்லை. வெளியில் சொல்லும் துணிவுதான் குறைகிறது. பள்ளியில் நாம் கண்டறிந்து, உலகமே பார்த்து வியந்த ஒரு நெறியைக் கல்லூரி வாசலில் கைவிடுவானேன்?

என்ன செய்ய வேண்டும்

முதலாவது, ஒவ்வோர் அரசுக் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் ஓர் உதவி மையம். அதில் சமூகப்பணி படித்த முழுநேர ஊழியர் ஒருவர் இருக்க வேண்டும். பெரிய கல்லூரியென்றால் இருவர். 1952-ல் தொடங்கப்பட்ட சென்னை சமூகப்பணிக் கல்லூரியிலிருந்து மாவட்டக் கல்லூரிகள் வரை, தமிழ்நாடு ஆண்டுதோறும் சமூகப்பணிப் பட்டதாரிகளை உருவாக்குகிறது, ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஏற்கெனவே ஒவ்வோர் ஆசிரியரும் சில மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறாரே என்று சொல்லக்கூடும். பாடம், தேர்வு, விடைத்தாள், அங்கீகாரக் கோப்பு என்று மூழ்கிக் கிடக்கும் ஆசிரியரிடமும், ஆண்டுக்கு ஆண்டு பணி நீட்டிப்புக்காகக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளரிடமும் இதையும் சுமத்துவது அவர்களுக்கும் நியாயமில்லை, மாணவருக்கும் பயனில்லை. ஆசிரியர் கவனித்துச் சொல்லட்டும். கைப்பிடித்துக் கூட்டிச் செல்ல ஓர் ஆள் வேண்டும்.

இரண்டாவது, சேதி பெயர் சொல்லிப் போக வேண்டும். எந்தப் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தது, எந்த வகுப்பைச் சேர்ந்தது என்ற விவரமெல்லாம் பள்ளிக் காலத்து எமிஸ் பதிவிலும் கல்லூரி யூமிஸ் பதிவிலும் அரசிடமே இருக்கின்றன. அப்படியிருக்க, தகுதியை மாணவர் நிரூபிக்கட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. ‘உனக்கு இந்த மூன்று உதவிகள் உண்டு, இதில் இரண்டுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, மூன்றாவதற்கு வருமானச் சான்று மட்டும் வேண்டும், இந்த அறைக்கு வா’ என்று ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, மாணவருக்கும் பெற்றோருக்கும் அனுப்பலாம். முதல் வாரத்தில் ஒருமுறை சொன்னால் போதாது. தேர்வுக் கட்டணம் கட்டும் நேரத்திலும், பொங்கல் விடுமுறை முடிந்து பல பிள்ளைகள் திரும்பி வராமல் போகும் ஜனவரியிலும் மறுபடி சொல்ல வேண்டும்.

மூன்றாவது, உணவு. அரசுக் கலைக் கல்லூரிகளில் வீட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவர்களுக்கு ஒருவேளை உணவு என்று தொடங்கலாம். எல்லாருக்கும் பொதுவாக, அட்டையும் டோக்கனும் இல்லாமல். நகரங்களில் அம்மா உணவகச் சமையலறைகளையும் கிராமப்புறத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

நான்காவது, சிறிய அவசர நிதி. ஒரு செமஸ்டர் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாததாலும், அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவாலும் படிப்பு நிற்கும் வீடுகள் இருக்கின்றன. கல்லூரி முதல்வரின் கையொப்பத்தில் இரண்டே நாளில் தரக்கூடிய சில ஆயிரம் ரூபாய், மூன்றாண்டுப் படிப்பைக் காப்பாற்றும். முன்னாள் மாணவர் சங்கங்கள் நுழைவாயில் வளைவு கட்டுவதற்கு முன் இதற்குக் கொடுக்கட்டும்.

ஐந்தாவது, மாணவர் கையில் ஒரு செய்தித்தாள். ஆண்டுக்கொருமுறை வாழ்த்துரைகளோடு வெளியாகும் ஆண்டு மலர் போக, மாதந்தோறும் நான்கு பக்கத்தில் தமிழ்த் துறையும் மாணவர்களும் சேர்ந்து ஓர் இதழ் நடத்தலாம். உதவித்தொகைத் தேதிகளும் வரட்டும், கழிப்பறைக்குக் கதவில்லை என்ற குறையும் வரட்டும். குறையை எழுதிய மாணவரைத் தண்டிக்காமல், குறையைத் தீர்த்து அடுத்த இதழில் பதிலெழுதும் முதல்வர்கள் வேண்டும்.

இப்படியெல்லாம் கொடுத்தால் பிள்ளைகள் பொறுப்பில்லாமல் போய்விடுவார்கள் என்ற பேச்சு வரும். சத்துணவு வந்தபோதும் அந்தப் பேச்சு வந்தது. நியூயார்க் திட்டம் அதற்குத் தெளிவான பதில் சொல்லியிருக்கிறது. உதவி பெற்றவர்கள் முழுநேரம் படித்தார்கள், ஆலோசகரைத் தவறாமல் சந்தித்தார்கள், மற்றவர்களைவிட அதிகமானோர் பட்டத்தையும் முடித்தார்கள். அந்தத் திட்டத்திலும் ஒரு குறை இருந்தது. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரம் படிப்பவர்களுக்கு அதில் இடமில்லை. நாம் செய்யும்போது, இரண்டாவது ஷிப்டில் படிக்கும் உழைப்பாளிப் பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது. மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும் மையம்தான் அவர்களுக்குப் பயன்படும்.

கடைசியாக, கணக்குக் காட்ட வேண்டும். எத்தனை கோடி ஒதுக்கினோம், எத்தனை பயனாளிகள் என்று ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் சொல்லப்படுகிறது. தகுதியிருந்தும் பெறாதவர்கள் எத்தனை பேர் என்பதும், முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டுத் தேர்வை எழுதினார்கள் என்பதும் கல்லூரிவாரியாக வெளிவர வேண்டும். இவற்றில் முதலாவது, அமெரிக்கத் தணிக்கை அமைப்பு தன் அரசைக் கேட்ட கேள்விதான். அந்தக் கேள்வியை நம் சட்டமன்ற உறுப்பினர்களும் கேட்கலாம்.

சேர்க்கையில் நாட்டுக்கே முன்னோடியாக நிற்கும் மாநிலம், படிப்பை முடிக்க வைப்பதிலும் முன்னோடியாக வேண்டும். இதற்குப் புதிதாகப் பெரும் திட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கும் திட்டங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஓர் அறையும் ஓர் ஆளும் ஒரு கடிதமும் வேண்டும். உயர்கல்வித் துறை நினைத்தால், மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கல்லூரி என்ற கணக்கில் வரும் கல்வியாண்டின் முதல் நாளிலேயே இதைத் தொடங்கிவிடலாம். அந்தக் கல்லூரிகளில் மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் பட்டம் வாங்குகிறார்கள் என்பதைப் பார்த்து, மற்றவற்றுக்கும் விரிக்கலாம். முதல்வர்கள் கேட்கட்டும், பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் கேட்கட்டும், மாணவர் அமைப்புகள் உரக்கக் கேட்கட்டும். பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துக்கொண்ட அரசு, அந்தப் பிள்ளை பட்டத்தோடு வெளியே வரும்வரை அதற்குப் பொறுப்பாளி.